மணவறையில் எத்தனை பேர் நிற்பார்கள்?

கல்யாண வேலை பேச வருகிற குடும்பத்தாரிடம் நான் முதலில் கேட்பது, தாலி கட்டுகிற நேரத்தில் மணவறையில் யார் யார் நிற்பார்கள் என்பதைத்தான். அவர்கள் சொல்லச் சொல்ல உறவுமுறையோடு ஒரு தாளில் எழுதிக்கொள்வேன். மாப்பிள்ளை, பெண், இரு வீட்டுப் பெற்றோர், ஐயர், பெண்ணின் தாய்மாமன், மாப்பிள்ளைத் தோழன், தோழிப்பெண், முடிச்சுப் போட நாத்தனார், பின்னால் விளக்கைப் பிடிக்கிற சுமங்கலி, தாத்தா பாட்டிகள், அவர்களைக் கைத்தாங்கலாக அழைத்து வரும் பேரன் என்று அது நீளும். இவர்களோடு புகைப்படக்காரர்கள், வீடியோக்காரர்கள், அவர்களுடைய விளக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பையன் ஆகியோரையும் சேர்த்தால் பட்டியல் சாதாரணமாக இருபதைத் தாண்டிவிடும். அதன் பிறகுதான் அவர்கள் கைபேசியில் சேர்த்து வைத்திருக்கும் மணவறைப் படங்களைப் பார்ப்பேன். அந்தப் படங்களில் பெரும்பாலும் இரண்டே பேர்தான் இருப்பார்கள்.

மதுரையில் எந்த மண்டபத்தையும் நிறுவனத்தையும் சாராமல் தனியாகத் திருமண ஏற்பாடும் அலங்கார வடிவமைப்பும் செய்து வருகிறேன். நிரந்தரப் பணியாளர்கள் என்று பெரிதாக யாரும் இல்லை. பூ அலங்காரம், பந்தல், ஒளி அமைப்பு, மேளம், சமையல் என்று ஒவ்வொன்றுக்கும் அந்தந்தத் தொழிலில் ஊறியவர்களை வேலைக்கேற்ப அழைத்துக்கொள்கிறேன். இந்த வேலையைப் பற்றிக் கேட்கிறவர்களில் பலர், அழகான படங்களைப் பார்த்து அதே போலச் செய்து தருகிற தொழில் இது என்று நினைக்கிறார்கள். எனக்கோ அழகு என்பது கடைசியில் வந்து சேர்கிற விஷயம். யார் எங்கே நிற்கிறார், எந்த வழியாக வருகிறார், அந்த நாளில் சந்தையில் என்ன பூ என்ன விலைக்குக் கிடைக்கிறது என்ற மூன்றுக்கும் விடை கிடைத்துவிட்டால், மேடையின் தோற்றத்தில் பாதி அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஒரு சாதாரண மண்டப மேடையை எடுத்துக்கொள்ளுங்கள். 30 அடி அகலம், 15 அடி ஆழம் என்று வைத்துக்கொள்வோம். பின்புற அலங்காரத்திற்கு 3 அடி போய்விடுகிறது. மணப்பலகை, ஹோமகுண்டம், அதைச் சுற்றி ஐயர் வைத்திருக்கும் தட்டுகள், குடங்கள், அரசாணிப் பானைகள் எல்லாவற்றிற்கும் 8 அடி வேண்டும். மிச்சமிருக்கிற 4 அடியில்தான் மேலே சொன்ன இருபது பேரும் நின்று அட்சதை தூவ வேண்டும். இந்தக் கணக்கைப் பார்க்காமல் மேடையின் இரு பக்கமும் பூந்தூண்களை நிறுத்தி, முன்னால் பித்தளை உருளிகளில் பூ மிதக்க விட்டால், கெட்டிமேளம் முழங்குகிற நேரத்தில் யாராவது ஒரு சித்தப்பாவின் கால் பட்டு உருளி கவிழத்தான் செய்யும். ஆகவே மேடையில் தரையோடு நான் எதையும் வைப்பதில்லை. அலங்காரம் முழுவதையும் தலைக்கு மேலே தூக்கிவிடுவேன். ஹோமம் உண்டென்றால் குண்டத்திற்கு நேர் மேலே துணித் தொங்கல்கள் வராதபடி பார்த்துக்கொள்வேன்.

வீட்டுக்கு வீடு முறையும் மாறுகிறது. சௌராஷ்டிரர் வீட்டுக் கல்யாணமும் நகரத்தார் வீட்டுக் கல்யாணமும் ஒரே மண்டபத்தில் அடுத்தடுத்த நாளில் நடந்தாலும் மேடை அமைப்பு ஒன்றாக இருக்க முடியாது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவின்படி நடக்கும் சுயமரியாதைத் திருமணத்தில் ஐயரும் இல்லை, அக்கினியும் இல்லை. உறவினரும் நண்பர்களும் அறிய மாலை மாற்றிக்கொள்வதோ, மோதிரம் அணிவிப்பதோ, தாலி கட்டுவதோ போதுமானது. அங்கே நிற்பவர்களைவிட உட்காருபவர்கள் அதிகம். வாழ்த்துரை வழங்க வருகிற தலைவர்களுக்கு நாற்காலி வரிசை, ஒலிவாங்கி, பொன்னாடைகள் வைக்க ஒரு மேசை ஆகியவற்றைச் சுற்றித்தான் மேடையைக் கட்ட வேண்டும். இதுவும் எனக்குப் பிடித்த வேலைதான். நாற்காலி வரிசைக்குப் பின்னால் ஒரே நிறத்தில் அமைதியான பின்புலம் அமைத்தால் அதற்கென்று தனிக் கம்பீரம் வந்துவிடும்.

பூவைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் என் வேலையில் பாதி மாட்டுத்தாவணி மலர் சந்தையில்தான் நடக்கிறது. 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரை மல்லி உசிலம்பட்டி, திருமங்கலம், திருப்பரங்குன்றம், நிலக்கோட்டைப் பக்கங்களிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். ஆனால் ஆண்டு முழுவதும் ஒரே மாதிரி வருவதில்லை. கோடையில் விளைச்சல் பெருகி, கிலோ சில நூறு ரூபாய்க்கு இறங்கிவிடும். மார்கழி, தை மாதங்களில் பனியால் மொட்டுகள் சரியாகப் பிடிக்காமல் வரத்து சுருங்கிவிடும். அதே தை மாதத்தில்தான் பொங்கலும் வருகிறது, மார்கழி முழுவதும் காத்திருந்த முகூர்த்தங்களும் வரிசையாக வருகின்றன. வரத்துக் குறைவும் தேவையும் ஒரே நாளில் சந்திக்கும்போது விலை கிலோவுக்கு ஆயிரங்களில் போய் நிற்கும். கோடைக் கல்யாணத்தின் படத்தைக் காட்டி, மேடை முழுவதும் மல்லிகைச் சரம் தொங்க வேண்டும் என்று தை மாதக் கல்யாணத்திற்குக் கேட்டால், பூவுக்கே தனியாக ஒரு நகைச்சீட்டுப் போட வேண்டியிருக்கும்.

வளர்பிறை முகூர்த்தத்திற்கு முந்தைய நாள் காலை சந்தைக்குப் போனால் எனக்குப் பழக்கமான வியாபாரி தராசைத் தூக்குவதற்கு முன்பே சிரித்துவிடுவார்.

“தங்கச்சி, இன்னிக்கு விலை கேக்காத. நாளான்னைக்கு வா, பாதிக்குத் தாரேன்.”

“அண்ணே, கல்யாணம் நாளைக்கு விடியல்ல.”

“அதான் எனக்கும் தெரியுமே.”

விலையைத் தாண்டி இன்னொரு கணக்கும் உண்டு. மல்லிகையை மொட்டாகத்தான் பறிக்கிறார்கள். விடியும் முன் பறித்த மொட்டு காலையில் சந்தைக்கு வந்து, பொழுது சாய்ந்ததும் இதழ் விரியத் தொடங்கி, இரவுக்குள் முழுதாக மலர்ந்துவிடும். மாலை வரவேற்புக்கு இது மிகவும் தோதானது. விருந்தினர் வந்து நிறைகிற நேரத்தில் பூவும் மணம் வீசும். அதிகாலை நாலரை மணியிலிருந்து ஆறு மணி வரை முகூர்த்தம் என்றால்தான் சிக்கல். முந்தைய காலையில் வாங்கிய பூ இரவிலேயே மலர்ந்து, தாலி கட்டும்போது விளிம்பு பழுத்து நிற்கும். அதற்காக மணப்பெண்ணின் தலைக்கான சரத்தை இறுகிய மொட்டுகளாகப் பொறுக்கி, வாழைநாரில் நெருக்கமாகக் கட்டச் சொல்லி, ஈரம் பிழிந்த பருத்தித் துணியில் சுற்றி, அடியில் பனிக்கட்டி போட்ட பெட்டியில் வைத்துவிடுவோம். பனிக்கட்டிக்கும் துணிக்கும் நடுவில் ஒரு பலகையோ தடித்த அட்டையோ இருக்க வேண்டும். பனிக்கட்டி நேராகப் பட்ட மொட்டு நீர்கோத்துக் கருத்துவிடும். பின்னலில் வைப்பதற்குச் சற்று முன்பு வெளியே எடுத்தால், மணமகளின் உடல் வெப்பத்திலேயே ஒவ்வொன்றாக இதழ் அவிழும். பெட்டியைத் திறந்ததும் அலங்கார அறை முழுவதும் பரவுகிற அந்த மணத்திற்காகவே சில அத்தைமார்கள் தங்கள் வேலையை விட்டுவிட்டு அங்கே வந்து நிற்பார்கள்.

இதனால் நான் வைத்திருக்கும் வழக்கம், மல்லிகையை மேடைக்குச் செலவழிப்பதில்லை என்பதாகும். மேடையில் தொங்கும் மல்லிகையின் மணம் மூன்றாவது வரிசைக்குக் கூட வராது. ஃபோகஸ் விளக்குச் சூட்டில் ஒரு மணி நேரத்தில் வதங்கத் தொடங்கிவிடும். மல்லிகை மணப்பெண்ணின் தலையிலும், மாலையிலும், வாசலில் வரவேற்பவர்கள் நீட்டுகிற தட்டிலும் இருந்தால் போதும். மேடைக்குச் செண்டுப்பூ, செவ்வந்தி, சம்பங்கி, கோழிக்கொண்டை, இடையிடையே மரிக்கொழுந்து ஆகியவை தாங்கும். ஓசூர்ப் பக்கமிருந்து வருகிற ரோஜாவும் ஜெர்பராவும் வேண்டுமென்று பிள்ளைகள் கேட்டால் வரவேற்பு மேடைக்குக் கொஞ்சம் வைக்கலாம். குருத்தோலைத் தோரணத்திற்கு ஈடான பின்புலம் எதுவும் இல்லை என்பது என் கருத்து. பழகிய கைகள் அந்த ஓலையைக் கிழித்துக் கிளி, பூ, மணி என்று மடித்துக் கட்டும் வேகத்தைப் பார்த்தால் வாடகைக்கு வரும் பிளாஸ்டிக் பூச்சுவர் மேல் யாருக்கும் ஆசை வராது.

மேடையை மாற்றும் வேலை இரவில் நடக்கிறது. மாலை வரவேற்புக்கு ஒரு தோற்றம், விடியலில் மணவறைக்கு இன்னொரு தோற்றம் என்று இரண்டு கேட்பது இப்போது வழக்கமாகிவிட்டது. கடைசிப் பந்தி முடிந்து, புகைப்படக்காரர்கள் மணமக்களை விட்டு, மேடை எங்கள் கைக்கு வரும்போது இரவு பதினொரு மணியாகிவிடும். மூன்று மணிக்கு ஐயர் வந்து தன் பொருள்களைப் பரப்பத் தொடங்குவார். நடுவில் கிடைக்கிற நான்கு மணி நேரத்தில் சோபாவை இறக்கி, பின்புலத்தைப் பிரித்து, மணவறையைக் கட்டி, தரையைக் கழுவிக் கோலம் போட வேண்டும். இரண்டு தோற்றங்களுக்கும் பொதுவான ஒரு சட்டத்தை முதலிலேயே நிறுத்திவிட்டு, துணியையும் பூவையும் மட்டும் மாற்றினால்தான் இது முடிகிற காரியம். இந்தச் சட்டத்தை வரைகிற ஒரு மணி நேர யோசனைக்குத்தான் உண்மையில் நான் கட்டணம் வாங்குகிறேன் என்று சொல்லலாம்.

உடைகளின் நிறம் பார்ப்பதும் என் பொறுப்பில் வருகிறது. அரக்கு நிறப் பட்டுப்புடவையும் அதே அரக்கு நிறப் பின்புலமும் சேர்ந்தால் மணப்பெண்ணின் முகமும் கைகளும் மட்டும் படத்தில் மிதக்கும். நீலம் கலந்த வெள்ளை எல்.இ.டி. விளக்கில் அரக்கு கறுத்தும், மாம்பழ மஞ்சள் வெளிறியும் தெரியும். ஆகவே புடவை எடுத்த கையோடு அதன் ரவிக்கைத் துண்டை வாங்கிக்கொண்டு, மண்டபத்தில் விளக்குகளைப் போடச் சொல்லி, மேடையின் நடுவில் அதைப் பிடித்துப் பார்ப்பேன். மண்டப மேலாளர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். பட்டுத் துணியைப் பிடித்துக்கொண்டு மேடையில் மேலும் கீழும் நடக்கிற பெண்ணைப் பார்த்து, வேண்டுதல் எதுவும் உண்டா என்று ஒருவர் கேட்டே விட்டார்.

வடக்கே நடக்கிற மஞ்சள் விழாவைப் போல வேண்டும் என்று கேட்டு வருகிற மணப்பெண்களும் இப்போது அதிகம். அதை நான் மறுப்பதில்லை. நம் வீட்டில் ஏற்கெனவே நலங்கு இருக்கிறதே, அதையே கண்ணுக்கு நிறைவாகச் செய்யலாமே என்று மட்டும் சொல்லிப் பார்ப்பேன். 2005-இல் புவிசார் குறியீடு பெற்ற மதுரைச் சுங்குடியை, அச்சடித்ததாக இல்லாமல் கையால் முடிச்சிட்டுச் சாயம் ஏற்றியதாகத் தேடி எடுத்து, அத்தை, சித்தி, அண்ணி எல்லோருக்கும் வெவ்வேறு நிறத்தில் கொடுத்து, விளாச்சேரி மண்பானைகளுக்குச் சுண்ணாம்பும் காவியும் பூசி நடுவில் வைத்தால், பருத்திப் புடவையின் புள்ளிகளும் சந்தனக் கும்பாவும் மஞ்சள் நீரும் சேர்ந்து அந்த முற்றமே நிறைந்துவிடுகிறது. புதுமை வேண்டும் என்று கேட்டு வந்த பெண்களே இதைப் பார்த்துவிட்டு மற்றதைக் கைவிட்டதும் உண்டு, இரண்டும் வேண்டும் என்று சொன்னதும் உண்டு.

உறவினர்களைக் கணக்கில் சேர்க்காத திட்டம் இந்த ஊரில் எடுபடாது. தாய்மாமன் சீர் மேளதாளத்தோடு வரும்போது, தட்டேந்திய பெண்கள் இருவர் இருவராகத்தான் வருவார்கள். நுழைவாயில் வளைவு அவர்கள் தோள் இடிக்காமல் நுழையும் அகலத்தில் இருக்க வேண்டும். அந்த ஊர்வலத்திற்காக நடுப்பாதையில் நாற்காலிகளைத் தள்ளிப் போட்டு, மேடைப் படியின் வலப்பக்கத்தைக் காலியாக விடுவேன். மொய் எழுதும் மேசை வாசலிலும் இல்லாமல் மேடையருகிலும் இல்லாமல் பந்திக்குப் போகிற வழியில் இருப்பது நல்லது. மதுரைப் பக்கத்தில் மொய் என்பது கைக்குக் கை திரும்புகிற கணக்கு. சித்திரைத் திருவிழாவில் மீனாட்சி திருக்கல்யாண விருந்து நடக்கிற சேதுபதி பள்ளியில் சாப்பிட்டுவிட்டு அம்மன் கல்யாணத்திற்கே மொய் எழுதிப் போகிற ஊர் இது. இப்போது நோட்டுக்குப் பதிலாகக் கணினியில் தட்டி உடனே ரசீது கொடுக்கிறார்கள். அதற்கு மின் இணைப்பும், வரிசை நிற்க இடமும், முகம் தெரிகிற வெளிச்சமும் வேண்டும்.

சீர்வரிசைப் பாத்திரங்களை எல்லோரும் பார்க்கும்படி பரப்பி வைக்க வேண்டும் என்று பெண் வீட்டார் விரும்புவது உண்டு. பாலிதீன் உறை போட்ட எவர்சில்வர் அண்டாக்கள் பூவளைவின் பக்கத்தில் நிற்பதை என் கண் ஏற்பதில்லை என்றாலும், அந்தத் தாயின் பெருமையை ஒளித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. பித்தளையையும் குத்துவிளக்கையும் முன் வரிசைக்குக் கொண்டுவந்து, உறைகளைக் கழற்றித் துடைத்து, பின்னால் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டிவிடுவேன். அவர்களாக மனமுவந்து கொடுக்கிற சீரைப் பற்றித்தான் இதைச் சொல்கிறேன். 1961-ஆம் ஆண்டுச் சட்டப்படி வரதட்சணை கேட்பதும் கொடுப்பதும் குற்றம். பட்டியல் போட்டுப் பேரம் பேசுகிற இடத்தில் நான் உட்காருவதில்லை, எழுந்து வந்த வேலைகளும் உண்டு.

எல்லாவற்றையும்விட நுட்பமான வேலை, வெளியாள் ஒருத்தி வந்து தங்கள் உரிமையை எடுத்துக்கொண்டாள் என்று பெரியவர்கள் நினைக்காமல் பார்த்துக்கொள்வது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் பெண்ணின் பெரியப்பா ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

“ஏம்மா, வீட்ல இத்தன பேரு இருக்கோம். நீ வந்து என்ன செய்யப் போற?”

“பந்தியில யாரு சாப்பிட்டா, யாரு கோவிச்சுக்கிட்டுப் போனான்னு எனக்குத் தெரியாதே பெரியப்பா. அத நீங்கதான் பாக்கணும். நீங்க அங்க நிம்மதியா நிக்கத்தான் மத்த வேலைய நான் பாக்குறேன்.”

பெண் வீட்டார் யாரை என்ன முறை சொல்லி அழைக்கிறார்களோ அதே முறையில்தான் நானும் அழைப்பேன். பந்தி விசாரிப்பு ஒருவருக்கு, வாசல் வரவேற்பு ஒருவருக்கு, மொய் மேசைக்குக் கணக்குத் தெரிந்த சித்தப்பா, தாம்பூலப் பைக்கு ஓர் அத்தை என்று பெயரோடு எழுதி, அந்தத் தாளை அவர்கள் கையாலேயே வீட்டுச் சுவரில் ஒட்டச் சொல்வேன். தாம்பூலத்திற்குச் சோழவந்தான் வெற்றிலைதான் வேண்டும் என்பதைச் சொல்லித்தர அவசியமே இருக்காது. 2023-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைக்கும் முன்பே அத்தைமார்கள் அதைத் தீர்மானித்துவிட்டார்கள்.

கோயிலில் கல்யாணம் என்றால் வேலை வேறு விதம். முருகன் தெய்வானையை மணந்த தலம் என்பதால் திருப்பரங்குன்றத்தில் பெரிய முகூர்த்த நாள்களில் கல்யாணங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நடந்துகொண்டே இருக்கும். அங்கே அலங்காரத்திற்கு இடமில்லை. மாலைகள் கசங்காமல் வருவதும், தாத்தா பாட்டி இறங்குகிற இடத்திற்கு வண்டி வருவதும், கூட்டத்தில் நம் வீட்டுக்காரர்கள் சிதறாமல் இருப்பதும்தான் ஏற்பாடு. சித்திரைத் தேர் ஓடுகிற நாள்களில் மாசி வீதிகளுக்குள் மண்டபம் பார்க்கிறேன் என்று யாராவது சொன்னால், வேறு தேதி பாருங்கள் என்று நேராகச் சொல்லிவிடுவேன்.

இனி பணம். இந்தத் தொழிலில் பலர் பூக்காரரிடமும் சமையல்காரரிடமும் தரகு வாங்கிக்கொண்டு, குடும்பத்தாரிடம் கட்டணமே இல்லை என்று சொல்வது உண்டு. நான் தரகு வாங்குவதில்லை. நேர்மையைக் காட்டிக்கொள்வதற்காக இதைச் சொல்லவில்லை. மதுரையில் எந்தக் குடும்பத்தை எடுத்தாலும் மலர் சந்தையில் கடை வைத்திருக்கும் மச்சான் ஒருவர் இருப்பார், அவர் காலையில் விலையைக் கேட்டுச் சொல்லிவிடுவார். பூ, துணி, விளக்கு எல்லாவற்றிற்கும் கடைக்காரர் ரசீதை அப்படியே கொடுத்துவிட்டு, என் ஏற்பாட்டுக் கட்டணத்தைத் தனி வரியாக எழுதுகிறேன். அந்த வரியைப் பார்த்து, யோசனை சொல்ல இவ்வளவா என்று கேட்பவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள். முன்பணம் ஒரு பங்கு, முகூர்த்தத்திற்கு ஒரு மாதம் முன்னதாக ஒரு பங்கு, மீதி முந்தைய நாள் மாலைக்குள் என்பது என் வழக்கம். கல்யாணம் முடிந்தால் மறுவீடு, விருந்து, குலதெய்வக் கோயில் என்று குடும்பம் கிளம்பிவிடும். அவர்கள் பின்னால் அலைய முடியாது. ஆடி, புரட்டாசி, மார்கழியில் வருமானம் இல்லை என்பதால் மற்ற மாதங்களின் பணத்தைப் பிரித்து வைக்கிற பழக்கம் இல்லாதவர்கள் இந்தத் தொழிலுக்குத் தனியாக வராமல் இருப்பது நல்லது. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜி.எஸ்.டி. பதிவும் கட்டாயம்.

மண்டபத்திற்கு முன்பணம் கட்டும் முன்பே அதன் நிபந்தனைகளைப் படித்துவிட வேண்டும். சில மண்டபங்களில் அவர்களுடைய அலங்காரக்காரரைத் தவிர வேறு யாரும் வரக்கூடாது, வந்தால் தனித் தொகை கட்ட வேண்டும். மின்சாரம் மீட்டர் கணக்கு, ஜெனரேட்டருக்கு டீசல் தனி, துப்புரவுக் கூலி தனி. 2019 ஜனவரி முதல் தமிழ்நாட்டில் தெர்மாகோல் தட்டுகளும் பிளாஸ்டிக் பூச்சுள்ள காகிதக் கோப்பைகளும் தடையில் இருப்பதால், காபிக்குக் கோப்பை யார் கொண்டுவருகிறார்கள் என்பதையும் சமையல் மாஸ்டரிடம் முதலிலேயே பேசிவிட வேண்டும். திருமணப் பதிவுக்கான தாள்களும் என் கோப்பில் இருக்கும். தமிழ்நாட்டில் 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கல்யாணம் நடந்த 90 நாள்களுக்குள் பதிவு செய்ய வேண்டும். அழைப்பிதழில் இரண்டைக் கசங்காமல் எடுத்து வைப்பது யாருக்கும் நினைவில் இருப்பதில்லை, நான் எடுத்து வைத்துவிடுவேன்.

முகூர்த்த நாள் பிற்பகலில் மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும். பூவைப் பிரித்து, வாடகைப் பித்தளைகளை எண்ணி ஏற்றி, அரசாணிப் பானைகளை முறைப்படி வேண்டியவர்கள் எடுத்துப்போன பிறகு, பெண்ணின் அப்பாவையோ சித்தப்பாவையோ கையோடு அழைத்துக்கொண்டு மின்மீட்டர் பலகைக்குப் போவேன். சாவி வாங்கிய அன்று நான் கைபேசியில் எடுத்து வைத்த எண்ணையும் இப்போதைய எண்ணையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, மேலாளரிடம் யூனிட் கணக்கைப் போட்டு, வைப்புத்தொகையில் கழித்தது போக மீதியை அவர்கள் கையிலேயே வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வண்டியை எடுப்பேன்.